பத்தா, இருபதா

பர்கா கிளினிக்கில் அந்தப் பட்டை
கையை இறுக்கியபோது
எண்ணைப் பார்க்காமல்
சுவரில் இருந்த கோட்டைப் படத்தைப் பார்த்தேன்.
நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாலு.
படியேறி வந்தேன் டாக்டர், என்றேன்.
லிஃப்டில் கூட நான்தானே நின்றேன், என்றார்
கோட்டயத்துக்காரர்.
பத்து நிமிடம் உட்கார வைத்து
மறுபடி இறுக்கினார்.
நூற்று எழுபது.

இருபத்தாறு வருடமாய் எனக்கும் இதே வேலைதான்.
கடல் ஒரு குழாயில் வரும்
குடிநீர் ஒரு குழாயில் போகும்
நடுவில் என் பம்புகள்.
அறுபத்திரண்டு பார், அறுபத்து மூன்று,
மணிக்கொரு தரம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
அறுபத்தெட்டைத் தொட்டால் மணி அலறும்,
செருப்பு மாட்டாமல் ஓடுவேன்.

ஒரு தலைவலிகூட இல்லையே டாக்டர்.
அதுதான் பயம், என்றார்.

உப்பைக் குறையுங்கள் என்றார் பிறகு.
தூத்துக்குடிக்காரனிடம்.
அதிலும், கடலிலிருந்து உப்பைப் பிரித்துத்
திரும்பக் கடலிலேயே கொட்டுகிறவனிடம்.
சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டு அட்டை. காலைக்கொன்று, ராத்திரிக்கொன்று.
எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
மருந்துக்கடை எகிப்துக்காரர்
பில்லை மடித்தபடி
ஒரு விரலால் மேலே காட்டினார்.
அண்ணாந்தேன். ஏசி குழாய், கொஞ்சம் ஒழுகல்.

விசா இரண்டு வருடம். லேபர் கார்டு இரண்டு வருடம்.
இந்த ஊரில் நான் கையெழுத்திட்ட எல்லாவற்றுக்கும்
முடியும் தேதி ஒன்று இருந்தது.
அட்டையின் ஓரத்திலும் இருக்கிறது.
அது மாத்திரைக்கு.

மூன்று நாள் ஷேவிங் பைக்குள்ளேயே கிடந்தது.
பிரிக்காத அட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு:
இன்னும் நீ நோயாளி இல்லை.

வெள்ளிக்கிழமை வீடியோவில் கனி கேட்டாள்
முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு.
சொல்ல நினைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.
கொழுப்புக்கும் ஒண்ணு குடுத்திருக்கார்.
ராத்திரி போடுறதா? பத்தா, இருபதா?
பத்து.
ம்.

பத்துக்கு மேல் இருபது என்று ஒன்று இருப்பது
எனக்கே திங்கட்கிழமைதான் தெரியும்.
அவளுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ்,
அதன் தலையில் போன லீவுக்கு முந்தின லீவில்
நான் கொண்டுபோன சாக்லெட் டப்பா.
எத்தனை பிள்ளைகள் வந்து போகிற வீடு,
சாக்லெட் எப்போதோ தீர்ந்திருக்கும்.
அந்த டப்பாவுல என்ன இருக்கு கனி?
எந்த டப்பா, என்றாள்.
கொஞ்ச நேரம் போனில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது.

எத்தனை வருசம்?
சுகந்தி கல்யாணத்துக்கு முந்தி.

நாலு வருசம். அதற்குள் மூன்று லீவு.
மூன்று லீவிலும் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எப்போது அவள் விழுங்கினாள்,
தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.
மீன்குழம்பில் உப்பில்லை என்று
ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளியது மட்டும்
நன்றாக ஞாபகம் இருக்கிறது.
உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ராத்திரி அட்டையைப் பிரித்தேன்.
அத்தனை சிறியது, நாக்குக்குத் தெரியவே இல்லை.

இப்போது ஒன்பதுக்கு அலாரம்.
அங்கே பத்தரை.
கணுக்காலில் சாக்ஸ் தடம் முன்னைவிட ஆழமாய்ப் பதிகிறது,
அடுத்த தடவை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
கோடு கிழித்து என் எண்களை எழுதுகிறேன்:
நூற்று ஐம்பத்தாறு. நூற்று நாற்பத்தெட்டு.
பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
அவள் எண்ணைக் கேட்டால்
உங்களுக்கு எதுக்கு அது, என்கிறாள்.
வைப்பதற்கு முன்னால் மட்டும்
சாப்டாச்சா, என்கிறாள்.
சோற்றையா மற்றதையா தெரியவில்லை.
ஆச்சு, என்கிறேன்.
நீ?